நான்காம் பிரிவை அடித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட ஐந்து நிமிஷம் தாமதித்தால் எனக்குத்தான் திட்டு. உன் மூத்தவளுக்குக் காய்ச்சல் விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். பருவநிலைத் திட்ட வரைவில் நான்காம் பிரிவை அடித்தது நீதான். வயல் மண் காற்றிலுள்ள கார்பனை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அப்படி மண்ணை வளர்க்கும் விவசாயிக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்ற பிரிவு. ஓரத்தில் "அளக்க முடியாதது" என்று எழுதியிருக்கிறாய். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?

அப்படியானால் பதினோரு வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் அதே ஒன்பது வயல், அதே இடம். முழங்கை ஆழத்துக்குக் குழாயை இறக்கி மண் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி, சலித்து, எரித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். தொழுவுரம் போட்டு, அறுத்த நிலத்தை வெறுமனே விடாமல் பயிரால் மூடி வைத்த ஏழு வயலில் கார்பன் ஏறியிருக்கிறது. இரண்டில் ஏறவில்லை.

வரைவுக் குழு நடத்திய விசாரணைக்கு முன்தினம் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர், "அந்த ரெண்டையும் விட்டுடும்மா. நம்மள அடிக்க நாமளே கம்பு எடுத்துக் குடுக்கணுமா?" என்றார். நான் ஒன்பதையும் வைத்தேன். அவர் பயந்தபடியேதான் ஆயிற்று. குழுத் தலைவர் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டார். "ஏறின கார்பனும் நாளைக்கு ஆழமா உழுதா போயிடும். இதை நம்பிக் கொள்கை போடலாமா?" என்று கேட்டுச் சிரித்தார். "காடு கூடத்தான் தீப்பிடிக்குது சார். அதைக் கார்பன் சேமிப்புன்னு மூணாம் பிரிவுல வச்சிருக்கீங்களே" என்றேன். சிரிப்பு நின்றது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பின்வரிசையில் அந்த வயல்காரர்களும் எழுந்து நின்றார்கள், கார்பன் ஏறாத இரண்டு பேர் உட்பட. அதனால்தான் விசாரணையை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.

அன்றைக்குக் குழாயோடு வருகிறேன். குழு வயலுக்கே வந்து பார்க்கட்டும் என்று மனுவும் கொடுத்தாயிற்று. அதையும் அடித்தால் இன்னொன்று எழுதுவேன்.

விசாரணையில் நீ மேசைக் கோடியில் இருந்தாய். என் முறை வந்ததும் "அடுத்த மனுதாரர்" என்று கூப்பிட்டாய், தலை நிமிராமல். உத்தியோகத்தில் உறவு பார்க்கக் கூடாது, புரிகிறது. பிரிவைத் திரும்பச் சேர்த்துக் கொடு என்று தம்பியிடம் கெஞ்ச மாட்டேன். அதை வாதாடி வாங்கிக்கொள்வேன். எனக்கு எதிராகப் பேச வேண்டியிருந்தால் தாராளமாகப் பேசு. என் முகத்தைப் பார்த்துப் பேசு, போதும்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாயிரு.

உன் அக்கா