இரண்டு இழுப்பு

சங்கரன்கோவில்,
ஜூலை 6, 2025.

அன்புள்ள பிரேம்சிங்குக்கு யாகூப் எழுதிக்கொண்டது. அல்லாஹ் கிருபையில் நானும் ஆயிஷம்மாளும் நலம். சென்னையில் நீரும் ஹெப்சி பிள்ளையும் சுகமா? கண் எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் என்ன என்று ஹெப்சி கேட்டாளாம். நாற்பது வருஷம் தறிச் சத்தத்தில் கிடந்த காது இது. போனை வைத்தால் சுவரில் காதை வைத்த மாதிரி இருக்கிறது. வாட்ஸப்பில் எழுதினால் எழுத்து தெரியவில்லை என்கிறீர். அதனால்தான் மார்க்கர் பேனா வாங்கி, கல்யாண போஸ்டர் மாதிரி எழுதுகிறேன்.

நீர் மகள் வீட்டுக்குப் போன பிறகு சைக்கிளை எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இருந்தும் பார்த்தேன், முடியவில்லை. வீட்டில் எல்லார் வாயும் அசைகிறது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிளில் ஏறிவிட்டால் யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை, நானும் செவிடன் இல்லை. நேற்று புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூர் வரை போய்விட்டு வந்தேன் வே! ஆனிக் காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளுகிறது. கால் முட்டு கடகடவென்று ஆடுகிறது. ஆனாலும் புளியங்குடி எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறி, மலை மேல் மேகம் இறங்கி நிற்கிறதைப் பார்த்ததும் வயசு மறந்துபோயிற்று. பாலத்துக்குப் பாலம் ஒன்றுக்குப் போக இறங்குகிற நீர் என்கூட வராததால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

டீக்கடைக் காசி பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டான். “சார் எங்க?” என்றுதான் கேட்டிருப்பான். கையை விரித்துக் காட்டினேன்.

சொன்னால் சிரிப்பீர். கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் போனேன். தறி நூலில் நான் முறுக்கின அதே கயிறு. என் பெல்ட்டில் ஒரு முனை, பின்னால் வருகிற உம் கையில் ஒரு முனை என்று எத்தனை வருஷம் ஓட்டினோம். வண்டிச் சத்தம் கேட்டால் உம்மிடமிருந்து ஒரு இழுப்பு, நான் இடது பக்கம் ஒதுங்குவேன். இரண்டு இழுப்பு என்றால் நிறுத்தி இறங்கிவிட வேண்டும். உமக்குக் கண் தடுமாறினாலும் என் பச்சைச் சட்டை முன்னால் போய்க்கொண்டிருக்கும். இப்போது உம் முனையைக் கேரியரில் சுற்றிவைத்திருக்கிறேன். கயிறு இல்லாவிட்டால் இடுப்பு என்னவோ போல இருக்கிறது.

பயப்படாதீர், ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். குலுங்குகிற குலுக்கலில் அதில் என் தாடிதான் தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வழக்கம்போல சைக்கிளில் குற்றாலம் உண்டுதானே?

உம்,
யாகூப்

*

பெரம்பூர், சென்னை,
ஜூலை 19, 2025.

பிரியமுள்ள யாகூப்புக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். உம் கடிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நானே வாசித்தேன். வாசித்த பிறகு உமக்கு ரெண்டு போட வேண்டும் போல இருந்தது.

ஏன் வே, உமக்குப் பைத்தியமா? புளியங்குடி ரோட்டில் லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே வருவான். ஆரன் அடித்தால் ஒதுங்குவார் என்றுதானே அவன் நினைப்பான்? உம் தாடி தெரிகிற கண்ணாடியை நம்பியா போகிறீர்? போகாதீர் என்று சொன்னால் கேட்க மாட்டீர். கூட யாரையாவது கூட்டிக்கொண்டாவது போம்.

இங்கே ஹெப்சி வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள். காலையில் வேர்க்க வேர்க்க மிதிக்கிறேன். இறங்கிப் பார்த்தால் பெரம்பூரிலேயே இருக்கிறேன். “அப்பாக்கு இது போதாதா?” என்று கேட்கிறாள். போதும் மக்கா என்று சொல்லிவிட்டேன். காற்றும் இல்லை, இறக்கமும் இல்லை, திட்டுவதற்கு நீரும் இல்லை.

டாக்டர் இன்னும் தீர்மானமாக ஒன்றும் சொல்லவில்லை. சொட்டு மருந்து விடுகிறாள். கண்ணுக்கு நேரே இருக்கிறது தெரிகிறது, பக்கவாட்டில்தான் இருட்டு. நேரே உம் சட்டை தெரிந்தால் எனக்குப் போதாதா? குற்றாலம் உண்டு. அதுவரை உயிரோடு இரும்.

உம் பின்னால் வருகிற,
பிரேம்சிங்

*

சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 24, 2025.

அன்புள்ள பிரேம்சிங்குக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடது தோளிலும் முழங்கையிலும்தான் காயம். ஆயிஷம்மாள் பேசுகிற பேச்சு கேட்காதது அல்லாஹ் எனக்குச் செய்த உபகாரம்.

கூட ஆள் கூட்டிக்கொண்டு போகச் சொன்னீர். அருண்பாண்டியனைக் கேட்டேன். பேங்கில் ரிட்டயர் ஆனவர், சைக்கிள் வைத்திருக்கிறார். கயிற்றைக் காட்டினதும், “ஏன் அண்ணாச்சி, நான் என்ன மாடா மேய்க்கேன்?” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதனால் நேற்று தனியாகத்தான் போனேன். மேற்கே காற்றை எதிர்த்து மிதிக்கத் தெம்பில்லை, கிழக்கே குருவிகுளம் பக்கம் திருப்பினேன். காற்று பின்னால் நின்று தள்ளத் தள்ள, மிதிக்காமலே போன மாதிரி போனேன். இளையரசனேந்தல் வரை போய்விடலாமா என்றுகூட ஆசை வந்தது. திரும்பினபோதுதான் தெரிந்தது காற்று யார் பக்கம் என்று.

ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. குனிந்து மிதித்துக்கொண்டு வருகிறேன், இடுப்பில் ஒரு இழுப்பு. நான் யோசிக்கவே இல்லை வே. இடது பக்கம் ஒடித்தேன். ரோட்டோரப் பள்ளத்தில் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன்.

விழுந்து கிடந்தபடியே பின்னால் பார்த்து, “லாரி போயிட்டா வே?” என்று கேட்டேன்.

லாரியும் இல்லை, நீரும் இல்லை. கேரியரில் சுற்றின கயிறு காற்றில் அவிழ்ந்து பின் சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. ஆடு மேய்க்கிற பொம்பளை ஒருத்தி ஓடிவந்து தூக்கிவிட்டாள். நான் யாரோடு பேசுகிறேன் என்று அவள் ரோட்டை ரோட்டைப் பார்த்தாள்.

கயிறு இழுத்ததும் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். அதைத்தான் உம்மிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

தோள் ஆறினதும் மெதுவாகப் பழகிவிடுவேன். நீர் டிசம்பரில் வந்துவிடும்.

யாகூப்

*

பெரம்பூர்,
செப்டம்பர் 10, 2025.

பிரியமுள்ள யாகூப்புக்கு,

இது ஹெப்சி கையெழுத்து, பேச்சு என்னுடையது. உம் கடிதத்தையும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். லாரி போயிட்டா என்று நீர் கேட்ட இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தாள்.

டாக்டர் சொல்லிவிட்டாள். போன பார்வை போனதுதான், திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்தாம், இருக்கிறதும் நிற்கவில்லை. இப்போது உம் சட்டை எனக்கு முன்னால் போனாலும் பச்சையா கறுப்பா என்று சொல்லத் தெரியாது. குற்றாலம் இல்லை வே. இந்த வருஷம் என்று இல்லை, இனிமேலே இல்லை.

நீர் விழுந்த நேரத்தில் நான் பால்கனியில்தான் உட்கார்ந்திருப்பேன். நாள் பூராவும் அங்கேதான் இருக்கிறேன். கீழே லாரி, பஸ், தண்ணீர் வண்டி எல்லாம் போகிறது. தூரத்தில் வரும்போதே என்ன வண்டி என்று சொல்லிவிடுவேன். அத்தனையும் கேட்டுக்கொண்டு, இழுக்கக் கயிறு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். காது இங்கே கிடந்து என்ன பிரயோஜனம்? உமக்கு அறுத்துக் கொடுக்கவும் முடியாது.

உம்மை ஏச எனக்குத் தெம்பில்லை. அந்த ரோட்டில் உமக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நான் இழுத்தால் நீர் மறு பேச்சுப் பேசினதில்லை. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நம்பிக்கையில் கேட்கிறேன். இங்கிருந்து இழுக்கிறேன் வே. இரண்டு இழுப்பு.

பிரேம்சிங்

*

சங்கரன்கோவில்,
செப்டம்பர் 21, 2025.

ஹெப்சி பிள்ளைக்கு யாகூப் மாமா எழுதுவது.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நீ அழுவாய், அவர் சத்தம் போடுவார்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே சைக்கிளைத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோய், இரண்டு சக்கரத்திலும் காற்றைத் திறந்துவிட்டேன். சத்தம் கேட்கவில்லை, விரலை வைத்துப் பார்த்தேன், முழுக்கப் போகிற வரைக்கும் வைத்திருந்தேன். மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கவருக்குள் கயிற்றில் பாதியை வெட்டி வைத்திருக்கிறேன். அவரிடம் ஒன்றும் சொல்லாதே, கையில் மட்டும் கொடு. இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன், தடவிப் பார்த்தால் தெரிந்துகொள்வார். மற்றப் பாதி என் இடுப்பில்தான் இருக்கிறது, சோற்றுக்கு உட்காரும்போதும் அவிழ்க்கவில்லை.

கயிற்றைத் தொட்டதும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது மக்கா. எனக்குப் பெரிய எழுத்து வேண்டாம், சின்னதாகவே எழுது. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
யாகூப் மாமா