பதினோராவது ஷரத்து

22-8-88, திங்கள்
காலையில் சாரல். குடையை எடுத்தேன், வேண்டாம் என்று வைத்தேன், நனைந்தேன்.

கூட்டுத் தொழில் ஒப்பந்தம், மூன்றாம் முறை சுத்தப் பிரதி. பதினான்கு ஷரத்து. இனிக் கை வைக்கக் கூடாது.

பங்குதாரர் மூவர். நான். என் மனைவி ரங்கநாயகியின் தம்பி வரதன், மில்லில் இருபது வருஷ சூப்பர்வைசர். ராஜபாளையத்தில் நூல் வியாபாரம் செய்யும் ஷாகுல் பாய். ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி நெய்யப்போகிறோம். தறி வரதன் பொறுப்பு. நூலும் விற்பனையும் பாய். என் பங்கு இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு. பாங்குக் கடனுக்கு ஈடு.

அதனால்தான் ஷரத்து 11: நான் இறந்தாலோ விலகினாலோ, மற்ற இருவரும் ஆறு மாதத்துக்குள் வேறு ஈடு கொடுத்து, வீட்டை மீட்டு ரங்கநாயகியிடம் ஒப்படைக்க வேண்டும். இது ஒன்றுக்காகவே மற்ற பதிமூன்றும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

23-8, செவ்வாய்
டைப் அடிக்கக் கொடுக்கக் கோர்ட்டுப் பக்கம் கிளம்பினேன். ஷரத்து 6-இல் ஒரு சந்தேகம். தேரடியிலிருந்து திரும்பிவிட்டேன்.

"என்னங்க, டைப் கடை பூட்டியிருக்கா?"

ஆமாம் என்றேன். பொய்.

நான்காம் பிரதி. பல் வலி, கிராம்பு.

24-8, புதன்
ராஜபாளையம் தறி ஷெட். பஸ்ஸில் நின்றுகொண்டே. வாசித்துக் காட்டலாம் என்று போனேன். ஷரத்து 3 வரும்போது டீ வந்தது. 7 வரும்போது வரதனுக்குக் கொட்டாவி.

"அட்டெண்டன்ஸ் எடுக்குத மாதிரியே வாசிக்கீய அத்தான். நான் உள்ளேன் ஐயா சொல்லணுமா?"

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன், ஏன் என்று தெரியவில்லை.

11: 'பங்குதாரர் இறந்தாலோ'. அவ்வளவுதான் வாசித்தேன். வரதன் கையை நீட்டித் தடுத்தான்.

"விடிஞ்சா பூசை. இன்னைக்குப் போயி சாவு கீவுன்னுக்கிட்டு. பொறவு பாப்போம்."

"நாளைக்குள்ள டைப் ஆகாதே" என்றேன்.

"முகூர்த்தம் பத்தே முக்காலுக்கு. அதுக்குள்ள கையெழுத்து விழணும். டைப்பு எப்பனாலும் அடிக்கலாம்லா."

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக் கொடுத்தவன் நான். முடிவை முதலில் எழுதி நிரூபணத்தைப் பிறகு சேர்ப்பதா?

25-8, வியாழன்
பூசை. சந்தனம், தேங்காய், தறிக்கு மாலை. ஸ்டாம்ப் பேப்பர் ஒன்று, வெள்ளைத் தாள் இரண்டு. மூன்றும் வெறும் தாள். 'பொறவு பாப்போம்' என்று வரதன் நேற்றுச் சொன்னபடி என் பிரதி என் பையிலேயே.

வரதன் கடைசித் தாளில் நடுப்பக்கம் கையெழுத்துப் போட்டான், கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பெரிதாக. பாய் என்னைப் பார்த்தார்.

"எனக்கு நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் கெடையாது சார். வரதனுக்காகப் போடுதேன்."

நானும் போட்டேன். வெறும் தாளில். படித்தவன். டைப் அடிக்க மூன்று தாளையும் என் பிரதியையும் வரதன் எடுத்துப் போனான்.

செவ்வாயன்று திரும்பாமல் போயிருந்தால் இன்று டைப் அடித்த தாளே இருந்திருக்கும். இது என் தவறு. அதையும் எழுதிவைக்கிறேன்.

26-8, வெள்ளி
காற்று. துணி காயவைத்த கொடி அறுந்தது.

டைப் ஆகிவிட்டது. எண்ணினேன்: பதிமூன்று. மறுபடி எண்ணினேன். பத்துக்குப் பிறகு, முன்பு பன்னிரண்டாக இருந்தது.

"எடம் பத்தல சார்" என்றான் டைப்பிஸ்ட். "கையெழுத்து நடுப்பக்கத்துலயே விழுந்திருச்சு. இன்னொரு தாள் சொருகினா அதுலயும் மூணு பேரு போடணும். வரதன் அண்ணாச்சி, அந்தப் பதினொண்ண விட்டுருன்னாவ."

கூலி கொடுத்தேன். நன்றி வேறு சொன்னேன்.

27-8, சனி
வக்கீலிடம். விட்டுப்போன ஷரத்தைத் தனித் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டால் செல்லும் என்றார். வெறும் தாளில் போட்டதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களுமா சார்?" இரவு வரை அதுவே காதில்.

28-8, ஞாயிறு
தனித் தாள் தயார். திங்கள் 11 மணிக்கு பாங்க், மானேஜர் வைத்த நேரம். எடுத்துப்போக:
வீட்டு மூலப்பத்திரம்
தனித் தாள், பேனா (மை பார்த்தாயிற்று)
தண்ணீர்

ரங்கநாயகி பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டாள். "வரதன் இருக்கான்ல, பயமென்ன" என்றாள். தம்பியை அவளிடம் குறை சொல்ல வாய் வரவில்லை.

29-8, திங்கள்
பாங்க் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். 11.20.

தாளை நீட்டினேன். "இதில் கையெழுத்து விழுந்த பிறகு பத்திரம் தருகிறேன்." சொல்லிவிட்டேன்.

பாய் வாசித்துவிட்டு உடனே போட்டார். வரதன் வாங்கவே இல்லை.

"எங்க மேல நம்பிக்கை இல்லியா அத்தான்? அதுவும் எமகண்டத்துல நீட்டுதீய."

"எத்தனை மணிக்கு முடியும்?"

"பன்னெண்டு."

"இருக்கிறேன்."

மூவரும் ஒரே பெஞ்சில். மானேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பை என் மடியில். வரதன் கடிகாரத்தைப் பார்க்கிறான், நானும்.

12.04. தாளை வாங்கினான். முதல் முறையாகக் கடைசி வரி வரை வாசித்தான்.

"அக்காளுக்கா இது?"

"ஆமாம்."

"வீட்டத் தூக்கிக்கிட்டு நீங்க நழுவத்தான் வழி தேடுதியன்னுல்லா நெனச்சேன். இத மொதல்லயே சொல்ல மாட்டியளா?"

நீ வாசிக்க விட்டால்தானே. சொல்லவில்லை. பேனாவைத் திறந்து கொடுத்தேன்.