அடைக்கு வைத்த இரும்பு

இயேசு மரி சூசை துணை

நவம்பர் 22, சனிக்கிழமை

என் அன்பு மகன் ஜொய்சனுக்கு,

அம்மா எழுதுறன். கட்டாரில் ஆண்டவர் உன்னைச் சுகத்தோட வைத்திருப்பார் என்று நம்பி இதைத் தொடங்குறன். இஞ்ச நானும் தங்கச்சி றொசானியும் இருக்கிறம். அதுக்கு மேல எங்கட சுகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஐந்தாம் வகுப்போட நின்றவள். எழுத்து அங்கும் இங்கும் கிடந்தால் நீதான் கூட்டி வாசிக்க வேணும்.

போன் இருக்கேக்க என்னத்துக்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கதைக்கேக்க றொசானி பக்கத்தில் நிற்பாள். நீ அழுவாய், நானும் அழுவன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைச்சிருவன். போன கிழமை நீ சொன்னாய், நத்தார் பண்டிகைக்கு லீவு கிடைச்சிட்டு, வந்து இறங்கின அன்றைக்கே யோகராசாவின் படலையில் போய் நிற்பன், அப்பாவைச் சாகக் குடுத்தவனைச் சும்மா விடமாட்டன் என்று. அதைக் கேட்டதில இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ விமானம் ஏற முதல் இதை வாசிக்க வேணும். ஏறாவூர் ஸைனம்பு ராத்தாவின் மகன் அப்ஹாம் லீவு முடிஞ்சு திங்கட்கிழமை கட்டாருக்குக் கிறுகிப் போறான். அவன் கையில் குடுத்து விடுறன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை புதன்கிழமை முடிஞ்சது. பந்தல் இல்லை. சுவாமி வந்து செபம் சொன்னார், பாற்சோறு குடுத்தம். அப்பாவின் சறமும் தொப்பியும் இன்னும் கொடியில்தான் கிடக்கு. றொசானி எடுக்க விடுறாள் இல்லை. மழை தொடங்கிட்டு. விதைச்ச நெல் முளைச்சு வயல்வட்டை முழுக்கப் பச்சை. நம்மட வயலுக்குத் தண்ணி கட்டுறது உன்ட மச்சான் சதீஸ்தான்.

இனிக் கோழியைப் பற்றிச் சொல்ல வேணும். கோழிக் கதை என்று விட்டுப் போட்டு வாசிக்காதே மகன். எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு.

நீ ஓட்டமாவடியில் வாங்கித் தந்த குட்டைப் பெண்டம் கோழி இரண்டும் ஒக்டோபர் தொடங்கேக்க ஒரேயடியாய் அடைக்குக் கிடந்துதுகள். ஒரு வீட்டில் இரண்டு அடைக்கோழி சரிவராது, கூட்டுக்குச் சண்டை பிடிச்சு முட்டையை உடைச்சுப் போடுங்கள். கறுத்ததைத் தண்ணியில் முக்கி, காத்துப் படுற இடத்தில் கரப்பால் மூடி நாலு நாள் வைக்க அடை தெளிஞ்சிட்டு. செவலைக்கு முட்டை வைச்சன். அதுட முட்டை ஏழு, ஊர்க்கோழி முட்டை நாலு, எல்லாம் பதினொன்று. அப்பா ஏசினார். உள்ளங்கையளவு கோழிக்குப் பதினொன்றா, அதுட செட்டை என்ன உன்ட வாய் மாதிரி அகலமா என்று கேட்டார். ஏழுக்கு மேல மூடாது, ஓரத்து முட்டை குளிர்ந்து போகும், பிறகு அது உருட்டி உருட்டி எல்லாத்தையும் குளிர வைச்சிரும் என்றார். நான் கேட்கவில்லை. உங்களுக்குக் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைச்சிட்டன்.

மூன்றாம் நாள் கீரி வந்து கூட்டைக் கிண்டிட்டு. நல்லகாலம், நாய் குரைச்சுத் துரத்திட்டு. யானைக் காவலுக்கு அப்பா எப்படியும் வட்டைக்குள்ள வாடிக் குடிசையில்தானே படுக்கிறார். அன்று பொழுதுபட, கோழியையும் முட்டையையும் கூடையில் வைச்சுச் சாக்கால் மூடி அங்க கொண்டு போனார். ஏழாம் நாள் போன் வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்து, இரண்டு கூ முட்டை என்று எறிஞ்சார். மற்ற ஒன்பதிலும் நரம்பு ஓடியிருக்கு என்று வந்து சொன்னார். அந்த நேரம் அவருக்கு முகத்தில் சிரிப்பு. நான் வென்றதாம், அவர் தோற்றதாம்.

முட்டையோட எப்பவும் ஒரு இரும்பு வைக்கிறது நம்மட வழக்கம், இடி முழங்கினால் முட்டை கலங்கிப் போகும் என்று. இஞ்ச குசினி மூலைக் கூட்டுக்குள்ள பழைய கலப்பைக் கொழு ஒன்று வைச்சிருந்தன். கோழியை வாடிக்கு மாத்தேக்க அது அந்த மூலையிலேயே கிடந்திட்டு.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. அப்பா பகல் சாப்பிட வந்தவர். சாப்பிட்டு எழும்பேக்க மேற்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பதான் எனக்கு அந்தக் கொழு கண்ணில் பட்டது. கொண்டு போய் வைச்சிட்டு வாங்கோ என்றன். மழை விட்டாப் பிறகு போறன், இப்ப வட்டை வெளியில் போறது புத்தியில்லை என்றார். நான் விட்டனா? இடி முழங்கினாப் பிறகு வைச்சு என்ன பலன், ஒரு துண்டு இரும்பு வைக்க உங்களுக்குப் பஞ்சி, ஒன்பது குஞ்சும் போகட்டும் என்று புறுபுறுத்தன். கோழியில் இருக்கிற கரிசனை உனக்கு என்னில் இல்லை என்று சிரிச்சுக்கொண்டு கொழுவை எடுத்து இடுப்பில் செருகினார். படலை தாண்டிக் கிறுகிப் பார்த்தார். நான் சட்டி கழுவிக்கொண்டு நின்றன்.

மகன், அப்பாவை வட்டைக்கு அனுப்பினது நான். யோகராசா இல்லை.

கொழுவை வைச்சிட்டுத் திரும்பி வரேக்க, தண்ணி திறக்கிற துரிசடியில் அப்பா மேல மின்னல் விழுந்திட்டு. மழை விட்டாப் பிறகு கண்டது, வட்டைத் தண்ணியைப் பார்க்கிற வட்ட விதானை யோகராசாதான். அரை மைல் தூரம் சேத்துக்குள்ளால தோளில் போட்டுத் தூக்கி வந்தவரும் அவர்தான். செத்த வீட்டில் ஆக்கள் கேட்டாங்கள், இந்த மழைக்குள்ள துரிசடியில் என்ன வேலை என்று. வட்ட விதானைதான் துரிசு பூட்டக் கூப்பிட்டிருப்பான் என்று சதீஸ் சொன்னான். என்னட்டக் கேட்டான், மாமி, அவன்தானே கூப்பிட்டவன் என்று. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிஞ்சன். அதை ஓம் என்று எடுத்திட்டாங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மனுசனைப் பிடிச்சுத் தள்ளி வெளியில் விட்டாங்கள். நீ போனில், அவனை வீட்டு வாசலில் மிதிக்க விடாதீங்கோ என்று கத்தினாய். எல்லாத்தையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தன்.

அடக்கம் முடிஞ்சு அடுத்த நாள் அவர் வேலியோரம் வந்து நின்றார். தலையில் கூடை. மோட்டார் சைக்கிளில் வந்தால் முட்டை குலுங்கும் என்று வட்டையில இருந்து நடந்து வந்திருக்கிறார். கோழி உள்ளே முட்டையில்தான் கிடந்தது. முட்டை இன்னும் சூடாய்த்தான் இருக்கு அக்கா என்றார். பிறகு இடுப்பில இருந்து கொழுவை எடுத்து, இது கூட்டுக்குள்ள இருந்தது என்று வேலிக் கட்டையில் வைச்சார். என்ட முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிஞ்சிட்டு மகன். முதல் நாள் ராத்திரி வாடியில் இருந்து கதைக்கேக்க, அடையில் இரும்பு இல்லையே என்று அப்பாவைப் பகிடி பண்ணினவரே அவர்தானாம். பிறகு அவர் பெண்சாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்த நேரம், ஆர் சொல்லி அப்பா போயிருப்பார் என்று அவருக்கு விளங்காதா? அவர் ஒன்றும் கேட்கவில்லை. கிறுகிப் போயிட்டார்.

அதுக்குப் பிறகு வயல்காரர் வட்டைக் கூட்டம் வைச்சு அவரிட்ட இருந்து விதானை வேலையைப் பறிச்சாங்கள். அங்கேயும் அவர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எல்லாரும் என்ட பக்கம் திரும்பியிருப்பாங்கள்.

கோழி இருபத்தோராம் நாள், சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, நாலு குஞ்சு இறக்கினது. மற்ற ஐந்தையும் இரண்டு நாள் விட்டுப் பார்த்து உடைச்சன். இறகு முளைச்ச முழுக் குஞ்சுகள், ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்துதுகள். இடியில் போயிட்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னாங்கள். இடி இல்லை, அப்பா சொன்னதுதான் சரி. ஓரத்தில் கிடந்து குளிர்ந்து போனதுகள்.

இருந்த நாலுக்கும் றொசானி குறுணல் போட்டுக்கொண்டு நிற்கேக்க ஒரு கதை சொன்னாள். இடிக்கும் முட்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம், இரும்பு வைக்கிறது சும்மா ஒரு பயத்துக்காம், விஞ்ஞான டீச்சர் வகுப்பில் சொன்னவவாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னாள். நான் கிணத்தடிக்குப் போய்த் தண்ணியை அள்ளி அள்ளிக் கீழே ஊத்திக்கொண்டு நின்றன். ஒரு பயத்துக்கு என்ட மனுசனைக் குடுத்திருக்கிறன்.

சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்தன். மன்னிப்புத் தந்தார். தந்திட்டு, ஆண்டவரிட்டச் சொல்லிட்டாய், உன்ட பழியைச் சுமக்கிறவனுக்காக ஆக்களிட்ட எப்ப சொல்லப் போறாய் என்று கேட்டார். வாற முப்பதாந் திகதி ஞாயிறு வட்டைக் கூட்டம். நான் போறன். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் எழும்பிக் கதைச்சுப் பழக்கமில்லை, எண்டாலும் போறன். ஊருக்குத் தெரிய முதல் என்ட மகனுக்குத் தெரிய வேணும் என்றுதான் இதை எழுதினது. றொசானிக்கு அதுக்கு முதல் நாள் சனிக்கிழமை சொல்லுவன்.

இது கிடைச்ச உடன யோகராசாவுக்குப் போன் எடு. முந்தி மாமா என்று கூப்பிட்ட வாயாலதானே அன்றைக்கு ஏசினாய். என்ன கதைக்கிறது என்று தெரியாட்டி, அழு. அவர் விளங்கிக்கொள்ளுவார். எனக்கு எடுக்க வேணும் என்று நான் கேட்கவில்லை.

அப்பா இல்லாத வீட்டில் இனி உனக்கு ஆசீர்வாதம் சொல்ல நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்குதோ தெரியாது. எண்டாலும் சொல்லுறன், மாதா உன்ட கையையும் காலையும் காப்பாத்த வேணும், அந்தக் கை ஒருத்தர் மேலயும் படாமல் காப்பாத்த வேணும். நத்தாருக்கு வா மகன். கோபம் ஆறாமல் வந்தாலும் வா. அந்தக் கோபத்தோட அவர்ட படலைக்குப் போகாதே. நேரே என்னட்ட வா.

உன்ட அம்மா,
லூர்தம்மா