கல் கட்டிய புடலங்காய்

ஒக்டோபர் 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். தெற்குக் கடலில் அடித்த புயலின் மிச்சம் மொன்றியல் வரை வந்துவிட்டதாம். ஒக்டோபரில் வியர்வை!
புடலைக்கு நல்லது. விதைக்கு விட்ட ஒரே காய், பல்கனிக்கு வெளியே தொங்குகிறது. நுனி மட்டும் சிவந்திருக்கிறது. போன வருடத்து விதையில் முளைத்தது இந்த ஒரு கொடிதான். காய் தவறினால் அடுத்த வருடம் விதை இல்லை.
வியாழன் குளிர் இறங்குமாம், உறைபனியோடு. வரட்டும், பார்க்கலாம்.
வாங்க: பால், வெங்காயம், சணல் கயிறு.

7, செவ்வாய்
மழை. வெக்கை. ஆஸ்பத்திரிச் சலவையில் எட்டு மணி நேரம் நின்று கால் வீக்கம்.
கதவில் கடிதம். கட்டடம் பார்க்கிறவர் ஒட்டியது. பல்கனியில் தொங்கும் கல்லை உடனே எடுக்கவாம். கீழ்வீட்டு மதாம் நிக்கோலின் ஜன்னலில் தட்டுகிறதாம். புடலங்காய் சுருளாமல் நீள நுனியில் கல் கட்டுவோம். இங்கே அது குற்றம்.
இவர்: "காய் நேராத்தானே கிடக்கு. இனி ஏன் கல்லு? நீர் அதை அவிழ்த்துவிடும்."
"முகத்துக்கு நேர வந்து கேட்டால் அவிழ்ப்பன். ஒட்டிப்போட்டு ஓடினவருக்கு அவிழ்க்கமாட்டன்."
இவர் சொன்னது சரிதான். ஆனாலும் அவிழ்க்கவில்லை.

8, புதன்
சொன்ன நாளுக்கு முன்னமே வந்துவிட்டது சனியன் பிடித்த குளிர். மதியம் வடமேற்குக் காற்று. வேலை முடிந்து வந்து பார்த்தால் வெறும் காம்பு. கல்லின் பாரம் காயை அறுத்துவிட்டது. என் வீம்புதான், வேறு யாரைச் சொல்ல?
கீழே ஓடினேன். மதாம் நிக்கோல் வாசலில், காயைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. தன் பல்கனியில் விழுந்ததைப் பாம்பென்று நினைத்துக் கத்தினாராம். "பார்தோன், மதாம்" என்று மன்னிப்புக் கேட்டேன். கல்லைத் தனியாக என் கையில் வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.
இவர்: "விட்டுத்தள்ளும். கடையில வாங்குவம்."
"கடைக் காயில விதை முத்தியிராது. நான் விடமாட்டன்."

9, வியாழன்
உறைபனி. கொடி கறுத்துவிட்டது. காய் ஹீட்டர் பக்கத்தில், துவாயில் சுற்றி; சூட்டில் பழுக்கட்டும். இவர் ஹீட்டரைக் கூட்டப் போனார். காய் வெந்துவிடும், ஸ்வெட்டர் போடுங்கள் என்றேன்.

12, ஞாயிறு
காய் பாதி சிவந்து குழைந்தது. பிளந்தேன். வெள்ளை, வெள்ளை, எல்லாம் முத்தாதவை. நுனியில் மட்டும் ஐந்து, நகம் இறங்காத கெட்டி. அழுதுவிட்டேன்.
சாம்பலில் புரட்டிக் காயவைக்க வேண்டும். இந்த அபார்ட்மென்டில் சாம்பலுக்கு எங்கே போவது? சாமித்தட்டு விபூதியில் புரட்டினேன்.
இவர் பதறினார்: "சாமியின்ர விபூதியிலயே கை வைக்கிறீர்?"
"சாமி கேட்டால் என்ர பேரைச் சொல்லுங்கோ."