ஆயிரத்து எண்ணூறு நத்தைகள்

அன்பு மகளுக்கு,

நான் சுகம், உன் அம்மா சுகம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பட்டத்துக்கு இன்னும் என்னப்பா பாக்கி என்று கேட்டிருந்தாய். ஒன்றும் பாக்கி இல்லை! நேற்றோடு முடிந்தது! கத்திச் சொல்ல ஆள் கிடைக்காமல் காலையில் பால்காரரிடம் சொன்னேன், அவர் அப்போ இன்னொரு பாக்கெட் சேர்த்துப் போடவா என்றார்.

உயிரியலில் இளநிலைப் பட்டம் தர அவர்கள் கேட்பது கொஞ்சநஞ்சமா? ஊர்வன பறப்பன படித்தால் போதாது, வேதியியல் வேண்டும், இயற்பியல் வேண்டும், புள்ளியியல் வேண்டும், செல், மரபியல், சூழலியல், ஒவ்வொன்றுக்கும் ஆய்வகம், கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும், அதில் கோட்டை விட்டால் முன்னால் வாங்கிய மதிப்பெண்களை வைத்து விசிறிக்கொள்ளலாம். இந்த வயசுல எதுக்கு சார் என்று கேட்ட துறைத் தலைவரையும், அங்கிள் நகருங்க என்று நுண்ணோக்கியை இழுத்துக்கொண்ட முன்வரிசைக்காரனையும் நான் மறக்கப்போவதில்லை. எல்லோருக்கும் மேல் உன் பெரியப்பா. பள்ளி முடித்ததும் உயிரியல் படிக்கிறேன் என்றேன், பூச்சி பிடிச்சா சோறு கிடைக்குமாடா என்று என்னை வணிகவியலில் தள்ளிவிட்டவர் அவர்தான், அன்றிலிருந்து ஊரான் வரவு செலவைத் தணிக்கை செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு பேச்சு வார்த்தை இல்லை, மதிலுக்கு மேலாக நத்தை வீசிக்கொள்வதோடு சரி.

அந்த நத்தைகளைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன். நாற்பது நத்தைகளின் ஓட்டில் உன் அம்மாவின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துப் பின்தோட்டத்தில் விட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி பிடித்து, அதில் புள்ளிக்காரர்கள் எத்தனை என்று பார்த்தால் மொத்தம் எத்தனை என்று கணக்கிட்டுவிடலாம். மறுபடி பிடித்தது நாற்பத்தைந்து, புள்ளி இருந்தது ஒன்றே ஒன்றில். நாற்பத்தைந்துக்கு ஒரு புள்ளி என்றால் நாற்பது புள்ளிக்கு எத்தனை, ஆக நம் தோட்டத்தில் ஆயிரத்து எண்ணூறு நத்தைகள்! பெருக்கலில் தப்பில்லை என்று மார் தட்டிக்கொண்டு தேர்வுக்குப் போனேன். துறைத் தலைவரோடு உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோட்டம் எவ்வளவு பெரிசு சார் என்றார். ஒரு கார் நிறுத்தலாம் என்றேன். அப்போ கால் வைக்க இடம் இருக்காதே, இதை நீங்க விளக்கலேன்னா எங்களால தேர்ச்சி போட முடியாது என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார் உன் பெரியப்பா, கையில் பக்கெட்டோடு! இவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆள் யாருங்க, பெயிண்ட் அடிச்சு அடிச்சு என் வீட்டுக்குள்ள வீசறான் என்று பக்கெட்டை மேசைமேல் வைத்தார். உள்ளே என் புள்ளிக்காரர்கள் கூட்டம்! வீசுறது யாரு, இவரா என்று அம்மையார் கேட்டார். இவன் பொண்டாட்டி, காலைல செடிக்குத் தண்ணி விடும்போது, பதிலுக்கு நானும் என் பக்கத்து நத்தையை வீசறேன், இல்லேங்கல என்றார். புகார் கொடுக்க வந்தவரைக் கல்லூரிக்கே போய்ச் சொல்லுங்க என்று அனுப்பியதும் உன் அம்மாதான். ஆய்வு முடியும்வரை வீசாதே என்று அவளிடம் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை, பார். உடனே எழுந்து நின்று, இந்த முறைக்கு முதல் நிபந்தனை, உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது, எங்கள் குடும்பத்தில் அதற்கு வழியே இல்லை அம்மா என்றேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத் தேர்ச்சி போட்டார்கள். இதற்காக அண்ணனுக்கு நன்றி சொல்லணும் என்கிறாள் உன் அம்மா. சொல்ல மாட்டேன்.

பட்டமளிப்புக்கு இரண்டு பேரை அழைத்து வரலாமாம், நீயும் அம்மாவும். உன் பெரியப்பா தானும் வருவாராம், என் பட்டத்தைப் பார்க்க இல்லையாம், பக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டாராம், எடுக்கணுமாம். மூன்றாவதாக ஓர் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். அதை நான் கேட்டேன் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். விடுப்புக்கு இன்றே சொல்லி வை, கடைசி நேரத்தில் மேலாளர் மேல் பழி போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, பி.எஸ்சி., உயிரியல்