கை தூக்கினாலும் இழுக்காத கவுன்

என் சரோஜாக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் முதுகுவலி கிடையாது என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். சோளக்காட்டில் என் தையல் கடையில் சீருடைத் துணி என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்து, நூலைக் கடித்துத் துப்பியது நேற்றுத்தான். இன்றைக்குக் கை சும்மா இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மரத்துப் பலா இந்தத் தடவையும் தாராளமாகக் காய்த்தது. மச்சான் ஒரு பழத்தைக்கூட வீட்டில் அறுக்கவில்லை, எல்லாவற்றையும் லாரிக்கு ஏற்றிவிட்டார். கேட்டால், "யாரு உக்காந்து சுளை எடுக்கறது?" என்கிறார்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் உடம்பைப் பற்றி ஊரறியப் பேசுகிறேனே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும் அக்கா. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்காரும் பெண்களில் பாதிப் பேர் அக்குள் தையல் விட்டுப்போன ஜாக்கெட்டை முந்தானையால் மூடிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

தங்கச்சி தையல்காரி. ஆனால் உன்மேல் டேப்பு வைக்க ஒரு நாளும் நீ விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய அளவு ஜாக்கெட்டைத்தான் கொண்டுவந்து மேசைமேல் போடுவாய். "இதும்படி தெச்சுரு ராசாமணி" என்பாய். அது கௌசல்யாவை நீ பெறுவதற்கு முன்னால் தைத்தது. அதற்கப்புறம் உன் உடம்பு எவ்வளவோ மாறிவிட்டது. நான் உனக்குத் தெரியாமல் பக்கத் தையலில் கொஞ்சம் கொஞ்சமாகத் துணி விட்டுத் தைப்பேன். அப்படியும் உன் கையில் துணி பிடித்த இடம் சிவந்து வளையம் வளையமாக நிற்கும். பாவாடை நாடா இறுகிய இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். "இறுக்கமா இருக்குதாக்கா?" என்று கேட்டால், "பழகிப்போச்சு" என்பாய்.

நெஞ்சுவலி என்று போன உன்னை நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல் கொண்டுவந்து இறக்கிய அன்று, குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்ட வேண்டும் என்றார்கள். ஜாக்கெட்டு ஏறவில்லை. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கத்தரிக்கோல் எடுத்துவந்து முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினேன். அப்புறம்தான் உன் கை உள்ளே போனது. அன்றைக்கு நான் அழுதது எதற்கு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதை விடு. இப்போது உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன்.

கௌசல்யா அச்சு அசல் நீதான். அதே தோள், அதே மார்பு, அதே இடுப்பு. சேந்தமங்கலத்தில் இரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாளே, நீ போனபிறகும் விடாமல் போய்வந்து கொண்டுதான் இருந்தாள். காலையில் பஸ்ஸில் மலை இறங்குவாள், சாயங்காலம் ஏறி வருவாள். துக்கத்தில் அவள் இன்னும் கொஞ்சம் பருத்திருந்தாள். பழைய சுடிதார்களையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திரை மாதம் ஒருநாள் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு வளைவில் வண்டி சடாரென்று திரும்பியபோது, அக்குளில் ஆரம்பித்து விலா வரைக்கும் துணி கிழிந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒருவன் சிரித்திருக்கிறான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டிருக்கிறார். அடிவாரத்தில் இறங்கியவள் வேலைக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே மேலே திரும்பிவிட்டாள். துண்டைப் போர்த்தியபடி என் கடை வாசலில் வந்து நின்றாள். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க அந்த அம்மா யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. லேபுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். நைட்டிக்குமேல் துண்டு போட்டுக்கொண்டு சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், படுத்துக்கொள்வாள். சாயங்காலம் கடை சாத்தியதும் வளப்பூரில் உன் வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் வீட்டுக்குப் போவேன். சில நாள் நடக்கவே முடியாது, கால் மரத்துப் போயிருக்கும். ஆனாலும் போனேன்.

ஒருநாள் மச்சான் வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "உடம்பு கொறைஞ்சா எல்லாத் துணியும் பத்தும். அவங்கம்மாகிட்டயும் இதேதான் சொன்னேன். கேக்கலை."

"கொறையற வரைக்கும் புள்ள எதைப் போட்டுக்கிட்டு வெளிய போறதுங்க மச்சான்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கெட்ட மனுஷன் இல்லை அக்கா, உனக்குத் தெரியும். பயந்துபோயிருக்கிறார்.

சீருடை வேலை உச்சத்தில் இருந்தபோது லேபு நடத்துகிற அம்மாவிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. "இன்னும் எத்தனை நாளைக்கும்மா காத்திருக்க? திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்று தன்மையாகத்தான் சொன்னாராம். கௌசல்யா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "போவட்டும் விடுங்க சின்னம்மா" என்றாள். படிக்கவைத்து அவளை மலையிறக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா?

"திங்கக்கெழமைக்குள்ள நான் உனக்கு ஒண்ணு தெச்சுத் தாரேன். எப்படி வேணும், சொல்லு" என்றேன்.

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டே சொன்னாள். "சுடிதார் வேண்டாமுங்க. பேண்ட்டு நாடா இறுக்குது. கவுனாட்ட ஒரே துணியா, எங்கயும் அழுத்தாம இருந்தாப் போதுமுங்க. பாத்தா நைட்டியாட்ட மட்டும் இருக்கக்கூடாது."

என்னிடம் கருநீலத்தில் பொடிப் பூப்போட்ட பருத்தித் துணி ஒன்று இருந்தது. எனக்கென்று வாங்கி வைத்தது. அதையே எடுத்தேன். அசதியில் புத்தி வேலை செய்யவில்லை அக்கா. அளவு எடுக்காமல், கண்ணளவிலேயே எல்லாப் பக்கமும் பெரிதாக விட்டு வெட்டிவிட்டேன். பெரிதாக இருந்தால் வசதியாக இருக்கும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்.

தைத்து வளப்பூருக்குக் கொண்டுபோனேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கழுத்து ஒரு பக்கமாக வழிந்து தோளைவிட்டு இறங்கியது. மார்பு தூக்கியதில் முன்பக்கம் மேலேறி, பின்பக்கம் தரையைக் கூட்டியது. கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கியதும் முழுக் கவுனும் முழங்கால்வரை மேலே வந்தது.

"சின்னம்மா, நான் குண்டுதான், ஒத்துக்கறனுங்க. ஆனா இது மொளகு மூட்டைக்குச் சாக்கு மாட்டுனாப்பல இருக்குதுங்க" என்றாள்.

நீ போனபிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுங்க சின்னம்மா. நம்ம ஒடம்புக்கு எதுவும் வராதுங்க."

"துணிதான் ஒடம்புக்கு வரோணும் கண்ணு" என்றேன். "எந்திரி. அளவு எடுக்கலாம்."

அவள் உள்ளே போய் ஒரு பழைய டாப்ஸை எடுத்துவந்து நீட்டினாள். "இதுல எடுத்துக்கங்க."

எனக்கு அந்த நிமிஷம் நீயே வந்து நிற்கிறாற்போல இருந்தது. "துணியில அளவெடுத்தா அந்தத் துணிக்குத்தான் பத்தும் சாமி. நீ வந்து நில்லு" என்றேன்.

நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். டேப்பை வயிற்றில் சுற்றியதும் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"மூச்சை விடு கண்ணு."

"விட்டா இன்னும் பெருசாகுமுங்க."

"ஆகட்டும். லேபுல நாள் முச்சூடும் மூச்சைப் புடிச்சுக்கிட்டா உக்காந்திருப்ப?"

விட்டாள். உட்காரவைத்தும் ஒருமுறை இடுப்பை அளந்தேன், உட்கார்ந்தால் இடுப்பு விரியும். தோளை அளந்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவள் தோள் ஒல்லிப் பெண்ணின் தோள் அளவுதான். பருமன் மார்பிலும் மேல்கையிலும் இடுப்பிலும்தான். அவள் பெரிய ஆளென்று நான் கழுத்திலிருந்தே அகலமாக வெட்டியிருக்கிறேன்.

அளந்துகொண்டிருக்கும்போதே கேட்டாள். "நான் அம்மாளாட்டவே இருக்கறனுங்களா சின்னம்மா?"

"ஆமா சாமி."

"அம்மாளுக்கு ஆனாப்பல எனக்கும் ஆயிருமுங்களா?"

டேப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவளைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தது கிழிந்த துணி மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "தெரியல கண்ணு. எனக்கென்ன தெரியும்? டாக்டர்கிட்டப் போயிக் கேக்கலாம், நானும் கூட வாரேன். வேலைய மட்டும் உட்டுறாத" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் சீருடைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கவுனை முழுக்கப் பிரித்தேன். தோளைச் சின்னதாக்கினேன். முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே அளவில் வெட்டுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை மிச்சத் துணியில் முன்துண்டைப் புதிதாக, நீளமும் அகலமும் கூட்டி வெட்டினேன். மார்புக்குப் பக்கவாட்டில் ஒரு மடிப்புத் தையல் பிடித்ததும் முன்னாலும் பின்னாலும் ஒரே நீளத்தில் தொங்கியது. மார்புக்குக் கீழே லேசாக ஒட்டவைத்து, அங்கிருந்து விரித்துவிட்டேன்.

கைதான் படுத்திவிட்டது. தளர்வு வேண்டுமென்றால் அக்குளைக் கீழே இறக்கி வெட்ட வேண்டும் என்றே இத்தனை வருஷமும் வெட்டியிருக்கிறேன். அது தப்பு அக்கா. அக்குள் கீழே இறங்கினால் கை விலாவோடு சேர்த்துத் தைத்தமாதிரி ஆகிவிடுகிறது. கையைத் தூக்கினால் கவுனும் சேர்ந்து தூக்குகிறது. சாயங்காலம் வளப்பூருக்குக் கொண்டுபோய் அவளை நிறுத்தி, ஊசி குத்திக் குத்திப் பார்த்து அக்குளை மேலே ஏற்றினேன். மேல்கையை மட்டும் நன்றாக அகலமாக்கி, அக்குளில் சாய்சதுரமாக ஒரு சிறு துண்டைச் சேர்த்துத் தைத்தேன். அந்தச் சின்னத் துண்டைப் பொருத்துவதற்குள் மூன்று தடவை பிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, தூக்கக் கலக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தாள். "கையத் தூக்கு" என்றேன். பயந்து பயந்து தூக்கினாள். துணி அசையவில்லை. இரண்டு கையையும் தூக்கி நிலைப்படியின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்து பார்த்தாள், பஸ் வளைவில் திரும்புகிறமாதிரி. வாசலில் இருந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு பண்ற?" என்றார்.

"பஸ்ஸுல போறனுங்கப்பா" என்றாள்.

திங்கட்கிழமை போனாள். பஸ் நிறுத்தம்வரை நானும் கூடப் போனேன். அன்றும் உட்கார இடமில்லை. படியில் ஏறும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தாள். வண்டி கிளம்பிப்போனபிறகும் நான் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். கடை திறக்கவே மனசில்லை. ஒருவேளை போகிற வழியிலேயே இறங்கிவிடுவாளோ, அடுத்த வண்டியில் வந்துவிடுவாளோ என்று ஒவ்வொரு பஸ் வரும்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டே தைத்தேன். வரவில்லை.

சாயங்காலம் வளப்பூருக்குப் போனேன். எப்படி இருந்தது, யாராவது ஏதாவது சொன்னார்களா, அக்குள் உறுத்தியதா என்று கேட்க ஆயிரம் வைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், சாப்பிட்ட தட்டு பக்கத்தில் கிடக்கிறது. உன் மகள் வெறும் பாயில், போட்ட கவுனோடேயே வாய் திறந்து தூங்குகிறாள். துணி மாற்ற வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எங்காவது அழுத்தியிருந்தால் வந்ததும் கழற்றி எறிந்திருப்பாள். குனிந்து பார்த்தேன். மேல்கையில் எந்த வளையமும் விழவில்லை.

எழுப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். எழுப்பவில்லை. மச்சான் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், அப்படியே நானும் தூங்கிப்போனேன்.

அக்கா, அவள் உடம்பு நாளைக்குக் குறையும், கூடும், பிள்ளை சுமக்கும். எது எப்படி ஆனாலும் அன்றன்றைக்கு இருக்கிற உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பேன். அடுத்த வாரம் டாக்டரிடமும் கூட்டிப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும், அதை உன் மகள் தனியாக உட்கார்ந்து கேட்கமாட்டாள்.

உன் கூடப்பிறந்தவள்,
அவளுக்குச் சின்னம்மா,
ராசாமணி