பெட்டிக்குள் இடது கால்

ஜூன் 4

அக்கா,

எப்படி இருக்க? செருப்புக் கடை வேலையில நிலைச்சு நின்னுட்டேன், நம்புவியா? காலேஜுக்குக்கூட இப்படி ஒழுங்கா போனதில்ல. அப்பாதான் இன்னும் முகம் குடுத்துப் பேசறதில்ல.

போன கடிதத்துல குவாண்டம் பின்னல் பத்தி, அதான் ரெண்டு துகள் எவ்வளவு தூரம் போனாலும் பிணைஞ்சே இருக்கறது பத்தி, ஷூவை வெச்சு எழுதினியே, பிரமாதம். ஒரு ஜோடி ஷூவைப் பிரிச்சு, ரெண்டு பெட்டியில போட்டு, ரெண்டு ஊருக்கு அனுப்பணும். ஒண்ணைத் திறந்து இடதுன்னு பாத்தா, மத்தது வலதுன்னு அந்த நொடியே தெரிஞ்சிடும். இவ்வளவுதானா? இதுக்கா பயந்து இயற்பியல் வகுப்பை விட்டு ஓடிவந்தேன்? இப்போ கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் ஷூ மாட்டிவிட்டுக்கிட்டே இதைத்தான் சொல்றேன். முதலாளி "முதல்ல சைஸைக் கேளும்மா"ங்கறார்.

புதுசா என்ன கண்டுபிடிச்சிருக்காங்க? சீக்கிரம் எழுது.

வாலு


ஜூன் 19

வாலுக்குட்டி,

உன் கடிதத்தைப் படிச்சு ஆய்வுக்கூடத்துல தனியா சிரிச்சேன். இங்க பக்கத்துக் குழு, பின்னின ஒளித்துகள் ரெண்டை நகரத்தோட ரெண்டு மூலைக்கு அனுப்பியிருக்கு. பின்னல் அறுபடவே இல்ல.

அப்பா போன்ல, "நீ எழுதறதெல்லாம் அவளுக்கு எங்க புரியப்போகுது"ன்னார். நல்லா சண்டை போட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 8

அக்கா,

இனிமே எனக்கு எழுத வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல படிச்சேன். ஷூ உதாரணமே தப்பாம். ஷூன்னா பெட்டியில போடும்போதே இடது இடதுதான். துகள் அப்படி இல்லையாம். பாக்கற வரைக்கும் எதுன்னே முடிவாகலையாம். அதிசயமே அதுதானாம். அதை மட்டும் உருவி எடுத்துட்டு மிச்சத்தை எனக்கு அனுப்பியிருக்க.

கடைக்கு வந்த ஒரு பல் டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க, "திறக்கறதுக்கு முன்னாடியே அது இடதுதானா?"ன்னு. "ஆமா, எங்கக்கா விஞ்ஞானி"ன்னு அடிச்சுச் சொன்னேன்.

இந்த வீட்டுல 'அவளுக்குப் புரியாது'ன்னு சொல்லாத ஒரே ஆள் நீதான்னு இருந்தேன். நீ வாயால சொல்லல, அவ்வளவுதான்.

(கையெழுத்து கிடையாது)


ஜூலை 22

அடியே,

திட்டு, வாங்கிக்கறேன். தெரிஞ்சேதான் எழுதினேன். கஷ்டமா இருந்தா நீ படிக்கறதை விட்டுடுவியோன்னு பயம். இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும்டி. நான் சொல்றதை ஆசையா கேக்கறவ நீ ஒருத்திதான். உன்னை விட்டுடக் கூடாதுன்னு உன்னைச் சின்னக் குழந்தையாக்கிட்டேன்.

இத்தோட நாலு பக்கம் வெச்சிருக்கேன். சர்க்கரை தடவல. சாரம் இதுதான்: துகள்கிட்ட பல விதமா கேள்வி கேக்கலாம், அதாவது பல விதமா அளந்து பாக்கலாம். பதிலெல்லாம் முன்கூட்டியே உள்ள இருந்தா, ரெண்டு துகளோட பதிலும் ஒத்துப்போறதுக்கு, இதுக்கு மேல முடியாதுன்னு ஒரு அளவு உண்டு. நிஜத்துல அந்த அளவைத் தாண்டி ஒத்துப்போகுது. இதை வெச்சு இங்கேர்ந்து அங்க சேதியும் அனுப்ப முடியாது.

புரியலன்னா எங்கன்னு சொல்லு. எழுதாம மட்டும் இருக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்கா,

பல்லைக் காட்டற சாக்குல டாக்டரம்மாகிட்ட போய், நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு சொத்தையைக் கண்டுபிடிச்சு அனுப்பிட்டாங்க. அந்தப் பாவம் உனக்குத்தான்.

நாலு பக்கத்தையும் கடையில, பஸ்ஸுல, சாப்பிடற இடத்துலன்னு திருப்பித் திருப்பிப் படிச்சேன். மூணு பக்கம் பிடிபட்டுச்சு. கடைசிப் பக்கத்துல மாட்டிக்கிட்டேன். பதில் உள்ள எழுதி வெச்சிருக்கல. சேதியும் அனுப்ப முடியாது. அப்போ ரெண்டும் எப்படித்தான் ஒத்துப்போகுது? மழுப்பாம எழுது.

வாலு


ஆகஸ்ட் 18

வாலு,

எப்படின்னு எனக்கும் தெரியல.

கணக்கு போட்டா விடை சரியா வருது, ஒவ்வொரு தடவையும். ஏன்னு கேட்டா எங்க பேராசிரியை ஒண்ணு சொல்றாங்க, பக்கத்து மேஜைக்காரர் வேற சொல்றார், டீ ஆறிப்போற வரைக்கும் அடிச்சுக்கறாங்க. நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு, இதே கேள்வியோட வீட்டுக்கு வர்றேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

நீ மாட்டிக்கிட்ட இடத்துலதான்டி நானும் இருக்கேன். கொஞ்சம் தள்ளி உக்காரு.

அக்கா